முன் ஹோலில் கணவாய்

மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் பின்னேரங்களில் கரம்போர்ட் விளையாடினார்கள். சிலர் குடித்தார்கள். ஒருவர் கோயில் நிருவாக சபையில் சேர்ந்து ஊரில் பாதிப் பேருடன் கோபித்துக்கொண்டார். என்னுடைய அப்பா கணவாய் வளர்த்தார். கறிக்கு வளர்த்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கப் போவதில்லை. அவர் பார்ப்பதற்கு வளர்த்தார். முட்டை பொரித்து, குஞ்சு வளர்ந்து, அந்தக் குஞ்சு திரும்பவும் எங்கள் வீட்டுத் தொட்டிக்குள்ளேயே முட்டையிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஏன் என்று கேட்டால் "பாப்பமே" என்பார். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

அப்பாவுக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் பார்த்து எழுதுகிற வேலை. ஒருநாள் பக்கத்து ஊரில் யாரோ ஒருவர் தன் வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் மீன் விட்டிருந்ததைக் கண்டுவிட்டு வந்தார். அந்த மனிதர் மீற்றரை வெளிச்சுவரில் பூட்டியிருந்தால் எங்கள் குடும்பம் தப்பியிருக்கும். ஹோலுக்குள் பூட்டியிருந்தார். அப்பா உள்ளே போனார், பார்த்தார், வந்து சேர்ந்தார். அடுத்த மாதமே எங்கள் முன் ஹோலில் சோகேஸ் நின்ற இடத்தில் ஒரு ஆள் படுக்கக்கூடிய அளவுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி நின்றது. அம்மாவின் பீங்கான் கோப்பைகளும் அக்காவின் நடனப் பரிசுகளும் சோகேஸோடு அறைக்குள் போயின. அப்படியானால் மீனையாவது விட்டாரா என்றால் அதுவும் இல்லை. மீனை எல்லோரும்தான் வளர்க்கிறார்களாம்.

எங்கள் ஊரான குருக்கள்மடத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் கல்முனைக்குப் போகிற வீதி. கடலில் கரைவலை இழுக்கும்போது கயிற்றில் கறுப்பு முந்திரிகைக் குலை போல ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் கணவாய் முட்டை. மீன்பிடிக்கிறவர்கள் அதை உதறிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அப்பா உதறவிடாமல் கயிற்றுத் துண்டோடு வெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். முதல் தடவை, கிட்ட இருக்கிறதே என்று தொட்டியில் வாவித் தண்ணீரை நிரப்பினார். அது மாரிகாலம். வாவியில் பாதி மழைத் தண்ணீர். உப்புப் போதாமல் முட்டை எல்லாம் அவிந்த வெங்காயம் போலாகி, வீடு நாறி, அம்மா ஒரு கிழமை யாருடனும் பேசவில்லை. இரண்டாம் தடவை கடல் தண்ணீர். குஞ்சு பொரித்தது. ஒவ்வொன்றும் விரல் நகத்தின் அளவு. அப்பா மாசிக் கருவாட்டுத் தூள் போட்டார், அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்துவிட்டார், மீனைச் சுரண்டிப் போட்டார். அவை ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. கணவாய்க்குஞ்சு உயிரோடு அசைகிறதைத்தான் தின்னும் என்று அப்பா கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் பட்டினியில் செத்துவிட்டன.

மூன்றாம் தடவைதான் என் தலையில் விடிந்தது. உயிரோடு அசைகிற, குஞ்சின் வாய்க்குள் போகக்கூடிய சின்னப் பிராணி எங்கே கிடைக்கும்? வாவிக்கரையில் கூனி கிடைக்கும். நாங்கள் காயவைத்துச் சம்பல் போடுகிற அந்தப் பொடி இறால்தான். அப்பா காலையிலேயே மீற்றர் பார்க்கப் போய்விடுவார். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். அக்கா குமர்ப்பிள்ளை, அவள் வாவியில் இறங்கக்கூடாது. மிச்சம் யார்? பதினொரு வயதில் நான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்கு முதல் ஒரு பழைய யன்னல் சீலையையும் வாளியையும் தூக்கிக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். முழங்காலளவு தண்ணீரில் நின்று சீலையை விரித்து, புல்லோரமாக மெதுவாக இழுத்து, சேறும் பாசியும் கழித்து, துள்ளுகிற கூனியை வாளிக்குள் விடவேண்டும். உயிரோடு விடவேண்டும். பாதி செத்துப் போயிருந்தால் அப்பா பின்னேரம் வந்து வாளியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். ஏச மாட்டார். ஏசினால் பரவாயில்லை என்று இருக்கும்.

வகுப்பில் எனக்குக் கூனி என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அந்த வெடுக்கு மணம் போகாது. அப்பாவிடம் அழுதுகொண்டே முறையிட்டேன். "அப்ப கூனி எண்டு கூப்பிட்டாத் திரும்பாதீங்க மகள்" என்றார்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று நடந்தது. வீட்டில் கணவாய் சமைக்கக்கூடாது என்று அப்பா சட்டம் போட்டார். அம்மாவின் கணவாய்க் கறிக்கு எங்கள் சொந்தத்துக்குள் ஒரு பெயர் உண்டு. தேங்காய்ப்பால் வற்றி, கறி கறுத்து, எண்ணெய் மிதக்கும். அந்தக் கறி எங்கள் அடுப்பிலிருந்து மறைந்தது. "அதுகளுக்கு மணம் தெரியும்" என்று அப்பா சொன்ன காரணத்தை அம்மா அடுத்த தெருவிலிருந்த பெரியம்மாவிடம் போய்ச் சொல்லி அழுதார், அல்லது சிரித்தார், எனக்குச் சரியாக நினைவில்லை. அதற்குப் பிறகு பெரியம்மா வீட்டில் கணவாய்க் கறி வைக்கும் நாட்களில் நாங்கள் அங்கே போய்ச் சாப்பிட்டோம். அப்பாவும் வந்தார். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். வாயைக் கழுவி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அதற்குப் பிறகுதான் தொட்டிக்குக் கிட்டப் போனார்.

குஞ்சுகள் வளர்ந்தன. ஒன்றையொன்று கடித்து, குறைந்து, கடைசியில் உள்ளங்கை அளவில் மூன்று மிஞ்சின. அழகாகத்தான் இருந்தன, அதை நான் மறுக்கவில்லை. நான் வாளியோடு உள்ளே வந்தால் மூன்றும் கண்ணாடிக்குக் கிட்ட வந்து வரிசையாக நிற்கும். உடம்பில் கோடு ஓடும், கறுக்கும், வெளுக்கும். அப்பா கதிரையைப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பார். கரண்ட் போனால் சைக்கிள் பம்பால் தண்ணீருக்குள் காற்றடிப்பார். சீட்டுக் காசு வாங்க வந்த பெண்ணைக்கூடக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, "பெருத்திட்டுது. எப்ப ஆக்கப்போறீங்க?" என்று கேட்டார். அப்பாவுக்கு அந்தப் பின்னேரம் முழுக்க மனம் சரியில்லை.

அந்த வருடம்தான் அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குரியது. மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் மற்றப் பிள்ளைகளும் பக்கத்து வளவில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போவார்கள். அது அடுத்த மகளுக்கு. நாங்கள் இருந்த வீடு அம்மாவின் தாய் தகப்பன் அம்மாவுக்குக் கொடுத்தது. இனி அது அக்காவுக்கு. பின்வளவில் அத்திவாரமும் அரைச்சுவருமாக நின்றது எனக்கு. இதில் யாருக்கும் கவலையும் இல்லை, கேள்வியும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கிரான் ஊரில் வயல் செய்கிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

அம்மா அன்றைக்கே அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"அவங்க வீடு பாக்க வாறாங்க. கணவாய் பாக்க வரல்ல. ஞாயித்துக்கிழமைக்கு முதல் இந்தத் தொட்டி இஞ்ச இருக்கப்படாது."

"எடுப்பம் புள்ள" என்றார் அப்பா. எடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா ஹோலுக்குள் மூச்சுக்காட்டாமல் நின்றார். தொட்டிக்குள் தொங்கவிட்டிருந்த கயிற்றில் பெரிய கணவாய் ஒவ்வொன்றாக முட்டையை ஒட்டிக்கொண்டிருந்தது. மை பூசிய, பளபளக்கிற கறுப்பு முட்டைகள். அதுவும் எங்கள் தொட்டியில் பிறந்து, எங்கள் தொட்டியில் வளர்ந்த கணவாய். அப்பா ஆசைப்பட்டது நடந்துவிட்டது. எந்த நேரத்தில் நடந்தது பாருங்கள்.

"பொரிக்கிற மட்டும் அசைக்க ஏலா" என்றார் அப்பா.

"அறுந்த கணவாய்" என்று ஏசினார் அம்மா. "அது முட்ட இட்டா எனக்கென்ன? நான் பெத்த ரெண்டையும் கரை சேத்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டையிட்ட கணவாய் செத்துக் கிடந்தது. அதன் விதி அப்படித்தான், முட்டையிட்டால் செத்துவிடும். அப்பாவுக்கு இது தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியாது. வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அக்காவுக்குச் சேலை கட்டிவிட வந்திருந்த பெரியம்மா, செம்பும் மாவிலையுமாக ஹோலுக்குள் வந்தபோது அப்பா செத்த கணவாயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்பக்கம் போனார்.

"நல்ல காரியத்துக்கு ஆக்கள் வாற நாளில வீட்டுக்குள்ள சாவு" என்றார் பெரியம்மா. "இத இப்பிடியே விடுற இல்ல."

அப்பா கறிவேப்பிலை மரத்தடியில் குழி தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் பெரியம்மா வாசலுக்குத் தெளித்தார், செட்டிக் கதிரைக்குத் தெளித்தார், அக்காவின் தலையில் தெளித்தார். சாவுத் துடக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கூடக் கழிக்க வேண்டும் என்று நினைத்து, செம்பில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் ஊற்றி முடித்துவிட்டார். தண்ணீர் மஞ்சளானது. மிஞ்சியிருந்த இரண்டு கணவாயும் வெருண்டு மையைக் கக்கின. மஞ்சளானது கறுப்பானது. வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முன் ஹோலில் ஒரு தொட்டி நிறைய மை.

அப்பா வந்து பார்த்தார். முட்டைக் கயிற்றை மெதுவாகத் தூக்கி, மாற்றுத் தண்ணீர் வைத்திருந்த வாளிக்குள் இறக்கினார். மைக்குள் கைவிட்டுத் தடவி இரண்டு கணவாயையும் பிடித்து இன்னொரு வாளியில் விட்டார். பிறகு தண்ணீர்க் கேன்களை மோட்டார் சைக்கிளில் கட்டத் தொடங்கினார். வாளித் தண்ணீர் சூடேறினால் முட்டை கெட்டுப்போகுமாம். புதுக் கடல் தண்ணீர் உடனே வேண்டுமாம்.

அம்மா வாசல் கேற்றில் போய் மறித்தார். "மாப்பிள வீட்டாக்கள் வந்து தகப்பன் எங்க எண்டு கேட்டா நான் என்ன சொல்ற? கடல்ல தண்ணி அள்ளப் போயிட்டாரெண்டா?"

"ஓம், அப்பிடியே சொல்லுங்க. உண்மதானே" என்றார் அப்பா. போயே விட்டார்.

அம்மா தொட்டியின் மேலும் பக்கத்திலிருந்த வாளிகளின் மேலும் புதுக் கட்டில் விரிப்பைப் போர்த்தார். என்னை அதற்கு முன்னால் நிறுத்தி, அசையக்கூடாது என்றார். சொன்ன நேரத்துக்கு முதலே வான் வந்து நின்றது. மாப்பிள்ளையும் தாயும் தகப்பனும் உள்ளே வந்து செட்டியில் அமர்ந்தார்கள். மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். தாய் கூரையைப் பார்த்தார், கிணற்றைக் கேட்டார், குசினியை எட்டிப் பார்த்தார். விரிப்புக்குள்ளே காற்றுப் பம்பு குடகுடவென்று சத்தம் போட்டது.

"அதுக்குள்ள என்ன?" என்று கேட்டார் தாய்.

"பிரிட்ஜ்" என்றார் பெரியம்மா.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, சேட் நனைந்து, இரண்டு கையிலும் கேன். கும்பிடக் கை இல்லை. "வாங்க, வாங்க, இருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர்களைக் கடந்து வந்து, என்னை விலக்கி, விரிப்பை இழுத்தெடுத்தார். பெரியம்மாவின் பிரிட்ஜ் எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா அறைக் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

மாப்பிள்ளையின் தகப்பன்தான் எழுந்து வந்தார். வாளிக்குப் பக்கத்தில் குந்தி, கயிற்றைப் பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

"கணவாய் முட்ட அண்ணன். இஞ்சயே பிறந்து வளர்ந்த கணவாய் இட்ட முட்ட."

"விக்கிறதா?"

"இல்ல."

"திங்கிறதா?"

"இல்ல அண்ணன்."

"அப்ப என்னத்துக்கு?"

சீட்டுக் காசுக்காரியைக்கூட உட்காரவைத்துக் கதை சொல்லுகிற அப்பா, அன்று அந்த ஒரு கேள்விக்கு வாய் திறக்கவில்லை. "பாப்பமே" என்றுகூடச் சொல்லவில்லை. வாளிக்குள் விரலைவிட்டுத் தண்ணீரின் சூட்டைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பாட்டையும் படுத்திவிட்டு, கேட்கிறவருக்கு ஒரு காரணம்கூடச் சொல்ல முடியாதா இந்த மனிதருக்கு?

மாப்பிள்ளையின் தாய் பொல்லாதவர் அல்ல. மகன் வந்து இருக்கப்போகிற வீட்டைப் பற்றிக் கேட்பது அவருடைய கடமை. தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார். "கலியாணத்துக்குப் பிறகும் இது இஞ்ச இருக்குமா?"

"இல்ல, இல்ல" என்றார் அம்மா. "எடுத்திருவம்."

"எங்க கொண்டு போவீங்க? பின்னால கட்டுற வீட்டுக்கா?"

"அது சின்னவளுக்குக் கட்டுற வீடு. அங்க இத வெச்சா நாளைக்கு அவளப் பாக்க வாறவங்களும் இதத்தான் கேப்பாங்க" என்றார் அம்மா. "அங்கயும் இல்ல. கடலுக்கே போகட்டும்."

அப்பா மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார். ஈரக் கையைச் சேட்டில் துடைத்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மகள், உங்கட வீட்டுல இத வெக்கலாமா?"

எல்லோருடைய கண்ணும் என் மேல். நான் அதற்காக வெட்கப்படவில்லை. இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வராது என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"வெக்கலாம்" என்றேன். "ஆனா கூனி நான் பிடிக்கமாட்டன்."

மாப்பிள்ளையின் தகப்பன் தொடையில் தட்டிச் சிரித்தார். தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார், அதனால்தான் அக்காவுக்கு அவரைப் பிடித்தது என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். அம்மாவும் சிரித்தார். சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான்.

"சரி மகள். கூனி நான் பிடிக்கிறன்" என்றார். பிறகு, வீடு கட்டுகிற மேசனிடம் கேட்பது போல நின்று யோசித்து, "எந்தப் பக்கம் வெக்கட்டும்?" என்று கேட்டார். இந்த மனிதர் விடமாட்டாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வாயில் வந்த ஏதோ ஒரு சுவரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

முட்டைகளில் பாதிக்கு மேல் பொரித்தன. கலியாணமும் நடந்தது. அப்பா சின்ன மகளிடம் இடம் கேட்ட கதை எங்கள் சொந்தத்துக்குள் பெரிய பகிடியாகிவிட்டது. காதுகுத்துக்கு, கலியாணத்துக்கு என்று கூடுகிற இடமெல்லாம் யாராவது அதைச் சொல்வார்கள். அப்பாவும் கூட நின்று சிரிப்பார். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

போன வருடம் எனக்குக் கலியாணமாகி என் கணவர் பின்வளவில் எனக்குக் கட்டிய வீட்டுக்கு வந்தார். ஒரு பின்னேரம், புத்தகம் வைப்பதற்கு ஒரு பலகைத் தட்டையும் ஆணிகளையும் வாங்கிக்கொண்டு வந்து, சுவருக்கு முன்னால் அதைப் பிடித்தபடி நின்றார். நான் குசினியிலிருந்து வரும்வரை காத்திருந்து, "இதுல அடிக்கலாமா?" என்று கேட்டார். அடியுங்கள், இதற்கெல்லாம் என்னிடம் கேட்பதா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் முதலும் ஒரு தடவை, அப்பா இடம் கேட்ட அன்று பார்த்திருக்கிறேன்.

மாமனார் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, மனைவியின் வீட்டில் வாழ்ந்து, மூத்த மகளின் வீட்டைவிட்டு இளைய மகளின் வீட்டுக்குப் போக நின்ற ஒரு மனிதர் அன்று என்னிடம் உண்மையாகவே கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு கடலுக்குத்தான் போயிருப்பார், மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு விளங்கியதெல்லாம், அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்வரை நித்திரை கொள்ளலாம் என்பதுதான்.